தாட்பிரதியும் மின்பிரதியும்

வத்தேகம நகரிலோ, அதனைச் சூழ்ந்த பன்வில, மடுல்கலை, உளுகங்கைப் பகுதிகளிலோ வாழும் ஆசிரியர் ஒருவர், தரம் ஐந்து மாணாக்கரைப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பல்லாண்டு பயிற்றியதன் பயனாகத் தம்மிடம் திரண்டுள்ள பயிற்சித் தாள்களை ஒழுங்குபடுத்தி விற்பனைக்குக் கொண்டுவர எண்ணுவாராயின், அவற்றை அச்சிட்டுப் புத்தகமாகக் கடையில் வைப்பதா, அன்றிக் கோப்பாக்கிக் கைத்தொலைபேசி வழியே அனுப்பிவிடுவதா என்னும் கேள்வி அவரை முதல் நாளிலேயே எதிர்கொள்ளும். மிளகு, கராம்பு, சாதிக்காய்ச் செய்கையில் தேர்ந்த ஒருவர் தம் அநுபவத்தைக் கையேடாக்க முயலும்போதும், தையல் கற்பிக்கும் பெண்மணி ஒருவர் சட்டை வெட்டும் அளவுப் படங்களை விற்க நினைக்கும்போதும் இதே கேள்வி வேறு உருவத்தில் வந்து நிற்கும்.

இவ்விரு வழிகளுள் எது மலிவு என்று கேட்டு அதற்கு விடை கண்டவுடன் காரியத்தில் இறங்கிவிடுவது பெரும்பாலோர் வழக்கம். அக்கேள்வி அவசியமானதே, ஆயினும் அதனை இரண்டாம் இடத்தில் வைத்து, வாங்கியவர் அந்தப் பொருளை எங்கே, எந்த நேரத்தில், எவ்விதமாகப் பயன்படுத்தப் போகிறார் என்பதை முதலில் விசாரிப்பவரே இத்துறையில் நிலைத்து நிற்கிறார் என்பது இவ்வத்தியாயத்தின் சித்தாந்தம். வடிவத்தை விற்பவரின் சௌகரியம் நிர்ணயிக்கக் கூடாது. வாங்குபவரின் உபயோகமே நிர்ணயிக்க வேண்டும்.

உபயோகமே உருவத்தை விதிக்கும்

மலைநாட்டில் அறிவை அச்சிட்டு விற்கும் தொழில் நேற்று முளைத்ததன்று. கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882-ஆம் ஆண்டிலேயே ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, தம் சமூகத்தாருக்கு வேண்டிய செய்தியையும் அறிவையும் தமிழில் வழங்கினார். அதே காலப்பகுதியில், தேயிலைத் தோட்டங்களுக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தொழிலாளரோடு பேசத் தமிழ் கற்றுக்கொள்ளும்பொருட்டு, கொழும்புப் பத்திரிகைத் தொழிலில் பேர்பெற்ற பெர்குசன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் ‘இங்கே வா’ என்னும் தலைப்பில் சட்டைப்பைக் கையேடு ஒன்றை ஆக்கி வெளியிட்டார். கட்டளையிடுவதற்கென்றே மொழி கற்பித்த அந்நூலின் தோரணை இன்று நமக்கு ஒவ்வாதது. அதன் வியாபார நுட்பமோ இன்றும் கற்கத்தக்கது. மலைச்சரிவில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்கும் ஒருவனுக்கு மேசைமேல் விரித்துப் படிக்கும் இலக்கணப் பெருநூலால் ஆவதொன்றுமில்லை என்பதை உணர்ந்து, ஒரு கையால் எடுத்துப் பார்க்கக்கூடிய அளவில் அதனை அமைத்தார்கள். அதே குடும்பத்தார் 1881-இல் தொடங்கிய ‘டிராப்பிகல் அக்ரிகல்சரிஸ்ட்’ என்னும் பயிர்ச்செய்கைச் சஞ்சிகையையோ மாதந்தோறும் வெளியிட்டார்கள்; ஏனெனில் விலையும் பயிர்நோயும் புதுப்பயிர்ச் சோதனையும் பற்றிய அறிவு மாதத்துக்கு மாதம் மாறுவது. பேசக் கற்பிக்கும் அறிவு ஒருமுறை அச்சிட்டால் ஆண்டுக்கணக்கில் விலைபோகும். மாறிக்கொண்டேயிருக்கும் அறிவு தவணைமுறையிலேயே விலைபோகும். ஒரே குடும்பம் இரண்டுக்கும் இரு வடிவங்களைத் தேர்ந்ததில் இந்த அத்தியாயத்தின் பாதிப் பாடம் அடங்கிவிடுகிறது.

மற்றப் பாதியை இலங்கைத் தமிழர் வீடுகளில் ஆணியில் தொங்கும் பஞ்சாங்கத்திடம் கற்கலாம். கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் போன்றவை ஆண்டுதோறும் அச்சிடப்படுகின்றன. இராகுகாலமும் திதியும் கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் இந்நாளிலும் அச்சுப் பஞ்சாங்கத்தைத் தேடி வாங்குவோர் இருக்கவே செய்கின்றனர். அது வீட்டிலுள்ள அனைவருக்கும் பொதுவானது. கண்ணாடி அணிந்த பாட்டியும் எடுத்துப் பார்ப்பாள். வருஷம் முடிந்தவுடன் தானே காலாவதியாகி அடுத்ததை வாங்கச் சொல்லும். இதற்கு நேர்மாறான கதி கலைக்களஞ்சியத்துக்கு நேர்ந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அச்சில் வந்த ‘என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா’, 32 தொகுதிகள் கொண்ட 2010-ஆம் ஆண்டுப் பதிப்போடு நிறுத்தப்படுவதாக 2012-இல் அறிவிக்கப்பட்டது. பெருந்தொகுதிகளைப் புரட்டி ஒரு செய்தியைத் தேடுவதைவிடச் சொல்லைத் தட்டி நொடியில் அதனை அடைவது எளிதாகிவிட்ட பின்பு, அச்சுத் தொகுதிக்குக் கண்ணாடி அலமாரியில் வீற்றிருக்கும் கௌரவம் ஒன்றே மிஞ்சியது.

ஆகவே நூலாக்க எண்ணுபவர் தம் பொருளைப் பின்வரும் மூன்று வகுப்புகளுள் ஒன்றில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது, பென்சிலும் பேனாவும் கொண்டு மேலே எழுதிப் பழகுவதற்கானது: பயிற்சிப் புத்தகம், மாதிரி வினாத்தாள், எழுத்துப் பயிற்சிக் கொப்பி. இரண்டாவது, வேண்டும்போது தேடிப் பார்ப்பதற்கானது: சொற்றொகுதி, சட்ட விளக்கம், விலைப் பட்டியல், பயிர்நோய் அடையாளப் படங்கள். மூன்றாவது, ஆறஅமர வாசிப்பதற்கும் பிறருக்குப் பரிசளிப்பதற்கும் பாதுகாத்து வைப்பதற்கும் உரியது: ஊர் வரலாறு, வாழ்க்கை வரலாறு, கோயில் மலர். முதலாவதும் மூன்றாவதும் தாளை நாடும்; இரண்டாவது திரையை நாடும். ஒரே நூலில் இரண்டு வகுப்புகள் கலந்திருந்தால் நூலையே இரண்டாகப் பிரிப்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

வரவும் செலவும்

இனிக் கணக்குக்கு வருவோம். கீழ்வரும் எண்கள் விளக்கத்துக்காகக் கொண்டவை. அச்சகத்தில் விலை கேட்டு வந்து வாசகர் தம் எண்களை அவற்றின் இடத்தில் வைத்துக்கொள்வாராக.

அறுபத்து நான்கு பக்கமுள்ள பயிற்சி நூல் ஒன்றுக்குத் தட்டெழுத்து, பக்க அமைப்பு, பிழைதிருத்தம், அட்டைப்படம் ஆகியவற்றுக்காக 40,000 ரூபா செலவாகிறது என்று கொள்வோம். இது தாளுக்கும் கோப்புக்கும் பொதுவான முதற்செலவு. ஐந்நூறு பிரதிகளை அச்சிடப் பிரதியொன்றுக்கு 150 ரூபா வீதம் 75,000 ரூபா. ஆக மொத்தம் 1,15,000 ரூபா. விலை 400 ரூபா என்று குறித்து, கடைக்காரருக்கு நூற்றுக்கு முப்பது கழிவு கொடுத்தால் ஆசிரியர் கைக்கு வருவது 280 ரூபா. அந்தக் கணக்கில் 411 பிரதிகள் விற்ற பின்பே போட்ட முதல் திரும்பும். கடையைத் தவிர்த்து வகுப்பு வாசலிலும் பாடசாலை விழாவிலும் தாமே நேரில் விற்பாராயின் 288 பிரதிகளிலேயே முதல் மீண்டுவிடும். இரண்டுக்கும் இடையிலுள்ள 123 பிரதிகள், கழிவு என்னும் ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருப்பவை.

கோப்பாக விற்பதானால் அச்சுக்கூலி இல்லை. 200 ரூபா விலை வைத்தாலும் இருநூறு பேர் வாங்கியவுடன் முதற்செலவு தீர்ந்துவிடும். அதன் பின் விற்பதெல்லாம் ஏறக்குறைய முழு ஆதாயம். ஐந்நூறாவது பிரதிக்கும் ஐயாயிரமாவது பிரதிக்கும் புதிய செலவு இல்லை; விற்காமல் எஞ்சிய கட்டுகள் கட்டிலின் கீழ் மூடுபனியின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும் என்ற கவலையும் இல்லை. இவ்வளவோடு கணக்கை மூடிவிடுகிறவர்கள் பலர்.

மூடாமல் இன்னும் ஒரு வரி எழுதிப் பார்க்க வேண்டும். அந்தக் கோப்பை வாங்கிய தாய், பிள்ளை எழுதிப் பழகுவதற்காக அதனைத் தாளில் எடுத்தாக வேண்டும். பக்கமொன்றுக்குப் பத்து ரூபா என்று கொண்டாலும் அறுபத்து நான்கு பக்கத்துக்கு 640 ரூபா. கோப்பின் விலையையும் கூட்டினால் 840 ரூபா. அச்சகத்தில் மொத்தமாக அடித்த புத்தகமோ 400 ரூபாவுக்குக் கிடைக்கிறது. விற்பவர் மிச்சம் பிடித்த அச்சுக்கூலியை வாங்கியவர் நான்கு மடங்குக்கும் மேலாகச் செலுத்துகிறார். எழுதிப் பழகும் நூல்களைக் கோப்பாக மாத்திரம் வெளியிட்டவர்கள், முதல் மாதம் நன்றாக விற்று மறு மாதம் ஏன் விலைபோகவில்லை என்று திகைப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பிரதி எடுக்கும் கடை

வத்தேகம பஸ் நிலையத்தை அண்டியோ வேறெந்தச் சிறு நகரத்திலோ உள்ள ‘கொமியூனிகேஷன்’ கடை ஒன்றில் மாலை நான்கு மணிக்குச் சிறிது நேரம் நின்று பார்ப்பது, இத்தொழிலில் இறங்குவோருக்கு நல்ல பயிற்சி. ரீலோட் போடுபவரும், அடையாள அட்டைக்கு லெமினேட் செய்பவரும், பென் டிரைவ் கொண்டுவந்த உயர்தர மாணவரும், கடையின் வட்ஸ்அப் இலக்கத்துக்குக் கோப்பை அனுப்பிவிட்டு ‘அண்ணே, ரெண்டு பக்கமும் அடிச்சுத் தாங்க’ என்று கேட்கும் தாயும் அங்கே நெருங்கி நிற்பார்கள். இயந்திரம் தாளை உமிழ உமிழ, கடைக்காரப் பையன் அதனை அடுக்கித் தட்டி ஓரத்தில் இரண்டு பின் அடித்து நீட்டுகிறான். பக்கத்தில் நிற்கும் இன்னொரு தாய் ‘அதுல எனக்கும் ஒரு செட்’ என்கிறாள். மின்பிரதியின் முழு வாழ்க்கையும் அந்த ஒரு வாக்கியத்தில் நடந்து முடிகிறது: ஒருவர் வாங்கினார், இருவர் பெற்றார்கள், கடைக்காரர் இருவரிடமும் கூலி வாங்கினார், ஆசிரியருக்கு ஒரே விலை கிடைத்தது.

சட்டம் ஆசிரியரின் பக்கமே நிற்கிறது. 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நூலொன்று எழுதப்பட்ட கணத்திலேயே அதன் பதிப்புரிமை எழுதியவருக்கு உண்டாகிறது. பதிவு எதுவும் வேண்டியதில்லை. அவ்வுரிமை அவர் ஆயுட்காலமும் அதன் பின் எழுபது ஆண்டுகளும் நீடிக்கும். ஆயினும் பின் அடிக்கும் பையன்மேல் வழக்குத் தொடுத்து வாழ்ந்தவர் எவருமில்லை. இந்தச் சட்டம் ஆசிரியரையும் கட்டுப்படுத்தும் என்பதை அவர் மறக்கலாகாது. அரசாங்கப் பரீட்சை வினாத்தாளின் உச்சியில் ‘முழுப் பதிப்புரிமையுடையது’ என்று மும்மொழியிலும் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே அந்தத் தாள்களை அப்படியே தொகுத்து விலைக்கு விற்பது, தாம் பிறர்மேல் சுமத்தும் குற்றத்தைத் தாமே புரிவதாகும். பரீட்சைத் திணைக்களத்தின் அநுமதியை எழுத்தில் பெறுக. இயலாதெனில் வினாக்களைத் தாமே ஆக்குக. பாடசாலைப் பாடநூல்கள் 1980 முதல் மாணவருக்கு இலவசமாக வழங்கப்படுவதாலும், கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அவற்றின் மின்பிரதிகளை விலையின்றித் தருவதாலும், பாடநூலைச் சுருக்கி விற்பதில் ஆதாயமும் இல்லை, மரியாதையும் இல்லை.

பிரதி எடுப்பதை முற்றாகத் தடுக்க முடியாதென்றால், பிரதி எடுக்க முடியாத ஒன்றையும் சேர்த்து விற்பதே யுக்தி. வாங்குவோரின் பெயரை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மெல்லிய எழுத்தில் பதித்து அனுப்பினால், தம் பெயருள்ள தாளைப் பிறருக்குக் கொடுக்கப் பலர் கூசுவார்கள். விடைகளுக்கான விளக்கத்தை வாரந்தோறும் வாங்கியவர்களின் குழுவுக்கு மாத்திரம் அனுப்பலாம். ஐயம் கேட்பவருக்குக் குரற்பதிவில் மறுமொழி சொல்லலாம். பரீட்சைத் தாளின் அமைப்பு மாறினால் திருத்திய பதிப்பைப் பழைய வாடிக்கையாளருக்கு விலையின்றி வழங்கலாம். தாளைப் பிரதி செய்யும் இயந்திரத்தால் ஆசிரியரைப் பிரதி செய்ய இயலாது.

கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி

தாட்பிரதிக்கு வழி என்பது பஸ்ஸும் தபாலும் மனிதக் காலும். மலையகத்தில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி முதலே, ரயில் வண்டியிலும் திருவிழாக் கூட்டத்திலும் உரக்கப் பாடிச் சிறு பாட்டுப் பிரசுரங்களை விற்ற மரபு ஒன்று இருந்தது. தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களிற் பாடிய பாட்டுக்கள் 1940-இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பிரசுரமாக வெளிவந்தன. பாட்டைக் கேட்பதற்குக் காசில்லை. கேட்டதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் தாள் வேண்டும். இன்றைய வணிகரும் இதையே செய்யலாம். நூலின் ஒரு பாடத்தை ஐந்து நிமிஷக் காணொளியாக்கி எல்லோருக்கும் இலவசமாகப் பரவவிட்டு, முழு நூலையும் விலைக்கு வைப்பதில் குறைவொன்றுமில்லை. தோட்டங்களில் விற்பதானால் சம்பள நாளை அடுத்துவரும் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்க. மாதக் கடைசியில் எவ்வளவு நல்ல நூலும் ‘அடுத்த மாசம் பார்ப்போம்’ என்ற மறுமொழியையே பெறும்.

தூர ஊர்களுக்குப் புத்தகத் தபாலும், பொருளைப் பெறும்போது பணத்தைக் கட்டும் வீ.பீ.பீ. முறையும் பழையவை; கூரியர் நிறுவனங்கள் அதையே இப்போது விரைவாகச் செய்கின்றன. பெறாமல் திருப்பி அனுப்பப்படும் பொதிகளின் செலவு விற்பவர் தலையில் விழுவதால், அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்வது நன்று.

மின்பிரதிக்குப் பணம் வரும் வழியே முதன்மையான சிக்கல். வங்கிக் கணக்கில் பணத்தைப் போட்டு ‘சிலிப்’பைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவது நம் நாட்டில் வேரூன்றிய வழக்கம். சிலிப்பின் படத்தைத் திருத்தி அனுப்பும் சாமர்த்தியசாலிகளும் உளராகையால், படத்தை நம்பாமல் கணக்கில் பணம் சேர்ந்ததைப் பார்த்த பின்பே கோப்பை அனுப்புவதை விதியாகக் கொள்க. நேரில் விற்குமிடத்தில் லங்கா கியூ.ஆர். அட்டை ஒன்றை மேசைமேல் வைத்தால் சில்லறைத் தொல்லை தீரும்.

கடல் கடந்த தமிழருக்கோ மின்பிரதியே ஏறக்குறைய ஒரே வழி. டொரொன்டோவிலும் இலண்டனிலும் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க விரும்பும் பெற்றோருக்கு, வத்தேகமவிலிருந்து புத்தகத்தை அனுப்பினால் நூலின் விலையைவிடத் தபாற்செலவு மிகும். அமேசான் நிறுவனத்தின் கிண்டில் 2016 டிசம்பரில் தமிழ் நூல்களை ஏற்கத் தொடங்கியது முதல், எழுதியவர் எந்தப் பதிப்பகத்தையும் நாடாமல் தாமே நூலை வெளியிடக்கூடியவரானார். அங்கே ஆசிரியருக்குரிய பங்கு 35 வீதம், 70 வீதம் என்னும் இரு விகிதங்களில் அமைகிறது. விலையும் விற்கும் நாடும் பற்றிய நிபந்தனைகளையும் வரிப் படிவத்தையும் நிதானமாகப் படித்த பின்பே விலையைக் குறிக்க வேண்டும்.

இரண்டில் ஒன்றை மாத்திரம் நம்பியிருப்பதன் ஆபத்தை 2022-ஆம் ஆண்டின் மார்ச் மாதம் நாடு முழுவதற்கும் காட்டிவிட்டது. அந்நியச் செலாவணி இல்லாமையால் தாள் இறக்குமதி நின்றுபோக, மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளை ஒத்திவைக்க நேர்ந்தது. ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய பத்திரிகைகளின் சனிக்கிழமைப் பதிப்புகள் அச்சில் வெளிவருவது நின்றது. தாள் இல்லாவிட்டால் திரை இருக்கிறதே என்று தேறுதல் கொள்வதற்கும் இடமில்லாமல், அந்த மாத முடிவிலேயே மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. அதற்கு முன், 2020-லும் 2021-லும் பாடசாலைகள் மூடியிருந்த காலத்தில், மலைநாட்டுப் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையுச்சிகளுக்கு ஏறிச் சென்று பாடங்களை இறக்கிக்கொண்டதையும் நாம் அறிவோம். லயன் வீட்டில் ஒரே கைத்தொலைபேசி, அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய்விடுகிறது என்றால், அந்தப் பிள்ளைக்கு மின்னூல் என்பது இரவு எட்டு மணிக்கு மேல் மாத்திரம் திறக்கும் நூல்.

நல்ல கோப்பின் இலட்சணம்

நம் நாட்டு அச்சகங்களில் தமிழ்ப் பக்கங்களை நெடுங்காலமாகப் ‘பாமினி’ எழுத்துருவிலேயே அமைத்து வந்திருக்கிறார்கள். அச்சுக்கு அது குறைவில்லாதது. கோப்பாக விற்பதற்கோ பெருங்குறை உடையது. அவ்வாறமைத்த கோப்பில் ‘தமிழ்’ என்ற சொல்லைத் தேடினால் அகப்படாது. ஒரு வரியைப் பிரதி செய்து வட்ஸ்அப்பில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை ஒன்று வந்து விழும். தேடிப் பார்ப்பதற்கென்றே வாங்கிய நூலில் தேடுதல் நடவாவிட்டால் அது விற்பனைக்குத் தகுதியற்றது. ஆதலால் தட்டெழுதும்போதே யூனிகோட் முறையில் அமைக்கச் சொல்க. பழைய கோப்பானால் மாற்றிக்கொண்டு, மாற்றத்தில் சிதையும் கொம்புகளையும் கால்களையும் ஒருமுறை வரிவரியாகப் பிழைதிருத்துக.

அச்சுக்கமைத்த ஏ4 பக்கத்தை அப்படியே கோப்பாக்கி அனுப்பினால், கைத்தொலைபேசியில் அதனைப் பெருப்பித்து இடமும் வலமும் இழுத்து இழுத்தே படிக்க வேண்டிவரும். திரைக்கென்று சிறிய பக்கத்தில், பெரிய எழுத்தில், ஒற்றைப் பத்தியாக வேறு அமைப்புச் செய்க. தரவுப் பொதியை அளந்து செலவழிக்கும் வாசகருக்காகப் படங்களின் கனத்தைக் குறைத்து, கோப்பைச் சில மெகாபைட்டுக்குள் அடக்குக.

நூலுக்குரிய சர்வதேசத் தராதர நூல் இலக்கத்தைத் தேசிய நூலக, ஆவணவாக்கல் சேவைகள் சபையிடமிருந்து பெறலாம். 978-க்குப் பின் 955 அல்லது 624 என்று வருவது இலங்கை நூல் என்பதற்கு அடையாளம். அச்சுப் பதிப்புக்கும் மின்பதிப்புக்கும் தனித்தனி இலக்கம் வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அச்சிட்ட நூலின் ஐந்து பிரதிகளை அரசாங்கத்துக்கு ஒப்படைக்க வேண்டுமென 1885-ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டம் விதிக்கிறது. அவ்வாறு ஒப்படைத்தவற்றுள் ஒன்று பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்கிறது. வத்தேகமவில் அச்சான சிறுநூல் ஒன்று தன் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள அந்த நூலகத்தில் நிரந்தரமாகக் குடியேறுவது தாட்பிரதிக்கே உரிய பாக்கியம். விற்பனை ஓய்ந்த பழைய பதிப்புகளையோ, 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் திரட்டி இலவசமாக வாசிக்கத் தரும் நூலகம் எண்ணிம நூலகத்துக்கு அநுமதியோடு வழங்கிவிடலாம். காசு தராத பிரதியும் எழுதியவரின் பேரைத் தேடுவோர் கண்ணில் நிறுத்தும்.

இரண்டையும் இணைத்து நடத்தும் கிரமம்

இதுகாறும் கூறியவற்றை ஒரு கிரமத்தில் நிறுத்துவோம். முதலாவதாக, கையிலுள்ள பொருளில் சிறந்த பத்துப் பக்கங்களைக் கோப்பாக்கி விலையின்றி வழங்குக. யார் கேட்கிறார்கள், எந்த ஊரிலிருந்து கேட்கிறார்கள், எதனை இன்னும் வேண்டுகிறார்கள் என்பது இதனால் தெரியும். இரண்டாவதாக, கேட்டவர்களிடம் முன்பதிவு பெறுக. முதல் மீளத் தேவையான தொகையில் பாதியளவாவது முன்பதிவில் சேராவிட்டால் அச்சகத்துக்குப் போக வேண்டாம். மூன்றாவதாக, எழுதிப் பழகும் பகுதியை முன்பதிவு காட்டும் அளவுக்குச் சற்றே மிகையாக அச்சிட்டுக் கூடியவரை நேரில் விற்க. நான்காவதாக, விடை விளக்கம், தேடிப் பார்க்கும் அட்டவணை, புதிய சேர்க்கைகள் ஆகியவற்றை மின்பிரதியாக்கி, அச்சு நூலை வாங்கியவருக்கு இலவசமாகவும் மற்றவருக்கு விலைக்கும் கொடுக்க. ஐந்தாவதாக, வெளிநாட்டு வாசகருக்கென முழு நூலையும் திரைக்கேற்ற அமைப்பில் தனி மின்னூலாக்குக. அச்சு நூலின் பின்னட்டையில் மின்பகுதிக்குரிய கியூ.ஆர். குறியும், மின்னூலின் முதற்பக்கத்தில் அச்சு நூல் கிடைக்குமிடமும் இருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

விலையைக் குறிக்கும்போது ஒரு விஷயத்தில் உறுதியாயிருக்க வேண்டும். கோப்பில் தாள் இல்லை, ஆகவே அதற்கு விலை வேண்டுமா என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். வாங்குபவர் செலுத்துவது தாளுக்கும் மையுக்கும் மாத்திரமன்று; பத்தாண்டு வகுப்பறையில் எந்த வினாவில் பிள்ளை தடுக்கி விழுகிறது என்று கண்டறிந்த ஆசிரியரின் உழைப்புக்கும் சேர்த்தே. அவ்வுழைப்பு இரு வடிவங்களுக்கும் பொது. மின்பிரதியின் விலை அச்சுப் பிரதியின் விலையில் பாதிக்குக் கீழே இறங்க வேண்டியதில்லை. பூச்சியத்துக்கு இறங்குவதானால் அது விளம்பரம் என்று தெரிந்தே இறங்கட்டும்.

அச்சகத்துக்குப் போவதற்கு முன்போ, கோப்பை அனுப்பத் தொடங்குவதற்கு முன்போ, தம் நூலை வாங்கக்கூடிய ஐந்து குடும்பங்களின் வீட்டுக்கு வாசகர் நேரில் போய்வருவாராக. பிள்ளை எங்கே உட்கார்ந்து எழுதுகிறது, கைத்தொலைபேசி யார் கையில் இருக்கிறது, சிக்னல் கிடைக்கிறதா, அண்மையிலுள்ள கொமியூனிகேஷன் கடைக்கு எவ்வளவு தூரம், பக்கமொன்றுக்கு அங்கே என்ன கூலி என்னும் ஐந்து கேள்விகளையும் கேட்டு விடைகளை ஒரு தாளில் குறித்துக்கொள்க. அந்தத் தாளில் எழுதியது எதுவோ, அதன்படியே நூலின் வடிவம் அமையட்டும்.